பதினாலு சீட்டும் ஒரு எழுத்தும்

ஜன்னல் பக்கம் நீயே உக்காரும்மா. எனக்குக் காத்து ஆகாது, காது வலி வந்துடும். வந்தவாசிதானே? நானும் அங்கதான். கையில என்ன, ஹால் டிக்கெட்டா? பரீட்சை எழுதப் போறியா? மதியம்தானே, நேரம் இருக்கு. அந்த கைடை மூடி வை. பஸ்ல படிச்சா ஒண்ணும் ஏறாது. முப்பத்தொரு வருஷம் டீச்சரா இருந்தவ சொல்றேன்.

தமிழ். மேல்நிலை. போன வருஷம் ரிட்டயர் ஆனேன். குரோம்பேட்டையில வீடு. பேரு சௌந்தரவல்லி. வந்தவாசியில எனக்குச் சொந்தக்காரங்கன்னு யாரும் கிடையாது. ஒருத்தரப் பாக்கப் போறேன். கிளை நூலகத்துல வேலை பாக்குறாரு. ஏகாம்பரம்னு பேரு. வேண்டியவரா வேண்டாதவரான்னு கேட்டா என்னத்தச் சொல்ல. நான் மனு எழுதிப் போட்டுத்தான் அவரை அங்க தூக்கிப் போட்டாங்க.

அப்படிப் பாக்காத. முழுசாக் கேளு.

ஏழு வருஷத்துக்கு முன்னாடி நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு பண்ணேன். பகுதி நேரம். இந்த வயசுல எதுக்குன்னு வீட்ல கேட்டாங்க, ஸ்கூல்ல கேட்டாங்க, பால்காரர்கூட கேட்டாரு. எனக்கு ஒரு ஆசை, அவ்வளவுதான். நூறு வருஷத்துக்கு முன்னாடி பொம்பளைங்களுக்குன்னு ஒரு மாசப் பத்திரிகை வந்துச்சு, 'குணவதி தீபம்'னு. மொத்தமே பத்து இதழ். அதுல ஒரு தொடர்கதை. எழுதினவங்க பேரு கிடையாது. 'ஒரு ஸ்திரீ'ன்னு மட்டும் போட்டிருக்கும். அதைப் படிச்சேன் பாரு, அடுப்புப் புகையில கண்ணு எரியறதை எழுதியிருக்காங்க, ஆம்பளை எழுதவே முடியாது. என் வழிகாட்டி பேராசிரியர் ஞானசிகாமணி இருக்காரே, அவர் ஒத்துக்கல. "அம்மா, அந்தக் காலத்துல பத்திரிகாசிரியரே புடவை கட்டிக்கிட்டு எழுதுவாரு, தெரியாதா உங்களுக்கு"ன்னு சிரிச்சாரு. ஆதாரம் கொண்டாங்கன்னாரு. ஆதாரம் ஒன்பதாவது இதழ்ல இருக்குன்னு எனக்கு ஒரு நம்பிக்கை. ஏன்னா எட்டு வரைக்கும் கதை வருது, பத்துல கதையும் இல்ல, அதைப் பத்திப் பேச்சும் இல்ல. நடுவுல என்னமோ சொல்லியிருக்கணும். அந்த ஒன்பது மட்டும் எங்கயும் கிடைக்கல.

தேடாத இடம் இல்லம்மா. கடைசியில மெட்ராஸ்லயே ஒரு நூலகத்துல, பேரு எதுக்கு, அரிய நூல் பிரிவு அட்டவணையில இருக்கு. கண்ணால பாத்தேன். 'குணவதி தீபம், இதழ் ஒன்பது'. எண்ணோட இருக்கு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து பாயசம் வச்சேன்.

அந்த இடத்துல நாமளா போய் எடுக்க முடியாது. ஒரு சீட்டு தருவாங்க. மூணு காப்பி, கார்பன் வச்சு எழுதணும். பேரு, முகவரி, நூல் பேரு, எண், எதுக்கு வேணும். கீழ ஒரு கட்டம், 'அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும்'னு. கவுண்டர்ல குடுத்தா ஏகாம்பரம் வாங்கிப்பாரு. வாங்கிட்டு நிலவறைக்கு இறங்கிப் போவாரு. ஒரு கால் சாய்ச்சு சாய்ச்சு நடப்பாரு, முட்டி வலி போல. அரை மணி கழிச்சு மேல வந்து, நம்ம காப்பியில அந்தக் கட்டத்துல எழுதி நீட்டுவாரு.

என்ன எழுதியிருந்தாரு தெரியுமா? 'இ'. ஒத்தை எழுத்து. ஒரு 'இ', பக்கத்துல ஒரு புள்ளி.

இ-ன்னா என்ன? நீயே சொல்லு. இல்லை. வேற என்ன?

"இல்லையா?"ன்னு கேட்டேன். அங்க சத்தமா பேசக்கூடாது, போர்டு போட்டிருக்கு. நானும் மெதுவாத்தான் கேட்டேன். அவரு தலைய ஆட்டிட்டு, கையில இருந்த பேனாவை மேல காட்டினாரு. மேலன்னா, இப்படி, ஆகாசத்தைப் பாத்து. எனக்கு எப்படி இருக்கும்? கடவுள்தான் கதி, போம்மா, அப்படிங்கறாரு! ஏழு வருஷமா அலையுறேன், எனக்குப் போய் மேல கை காட்டறாரு. நான் சீட்டைப் பிடுங்கிக்கிட்டு வந்துட்டேன்.

அட்டவணையில இருக்கறது அலமாரியில எப்படி இல்லாமப் போகும்? ஒழுங்காத் தேடலன்னுதானே அர்த்தம்? அதனால அடுத்த சனிக்கிழமை திரும்பவும் போனேன். திரும்பவும் சீட்டு. திரும்பவும் இ. திரும்பவும் பேனா மேல. மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமைன்னு வச்சுக்கோ, ஜனவரியிலேருந்து ஜூலை வரைக்கும் பதினாலு தடவை. ட்ரெயின் ஏறி, பஸ் மாறி, வெயில்ல நடந்து. சாப்பாட்டு டப்பாவை உள்ள விட மாட்டாங்க, வாசல்ல வாட்ச்மேன்கிட்ட வச்சுட்டுப் போவேன். திரும்பி வரும்போது தயிர்சாதம் புளிச்சுக் கிடக்கும். சோர்ந்துபோயிட்டேன்மா. உடம்பு சோர்வு இல்ல, அது வேற. ஒரு மனுஷன் நம்மள நிமிந்துகூடப் பாக்காம ஒரு எழுத்தைக் கிறுக்கி நீட்டுறானேங்கற சோர்வு.

கேட்டிருக்கலாமேங்கறியா? எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. எதைக் கேக்குறது? தமிழ் எம்.ஏ., எம்.ஃபில். படிச்சவ, ஒரு அட்டெண்டர்கிட்டப் போய் 'ஐயா, இந்த எழுத்துக்கு என்ன பொருள்'னு கேக்கணுமா? எனக்குத்தான் தெரியுமே, இல்லைன்னு.

நான்கூடப் பசங்க நோட்டுல அப்படித்தான் எழுதுவேன். எழுத்துப் பிழைன்னா எ.பி. ஒற்றுப் பிழைன்னா ஒ.பி. திரும்ப எழுதுன்னா ஒரு மீ. நாப்பது நோட்டுக்கு முழுசா எழுதிட்டிருக்க முடியுமா? புரியலன்னு எவனாவது எந்திரிச்சா, "பத்து வருஷமா தமிழ் படிக்கிற, இது தெரியாதா"ன்னு கேப்பேன். அடுத்த தடவை கேக்க மாட்டான். அது வேற விஷயம். அதையும் இதையும் சேக்காத.

செங்கல்பட்டு வந்துடுச்சா? இன்னும் இல்லையா? இந்த டிரைவர் உருட்டிக்கிட்டு வர்றான்.

எனக்கு அப்ப கெடு நெருங்கிடுச்சு. பல்கலைக்கழகத்துல ரெண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாச்சு. செப்டம்பர் முப்பதுக்குள்ள ஆய்வேட்டைக் குடுக்கலன்னா பதிவு ரத்து. ஏழு வருஷமும் போச்சு. ஞானசிகாமணி ஃபோன் பண்ணி, "அந்த ஸ்திரீயை விட்டுடுங்கம்மா, ஆசிரியர்தான் எழுதினாருன்னு போட்டு முடிச்சிடுவோம்"ங்கறாரு. அன்னிக்கு ராத்திரி வந்த ஆத்திரத்துல உக்காந்து மனு எழுதினேன்.

மூணு பக்கம். நானே சொல்லக்கூடாது, ஆனா ஒரு சந்திப் பிழை இருக்காது. "இல்லை என்னும் மூன்றெழுத்தைக்கூட முழுமையாக எழுதச் சோம்பற்படும் ஊழியர்"னு ஒரு வரி. "நிலவறைக்கு இறங்கிச் சென்று அங்கு என்ன செய்கிறார் என்பது ஆராயத்தக்கது"ன்னு ஒரு வரி. எழுதும்போது நல்லாத்தான் இருந்துச்சு. அங்க வர்ற வாசகர்கள் நாலு பேருகிட்ட கையெழுத்தும் வாங்கினேன். அதுல ஒருத்தர் பேப்பர் படிக்க மட்டும் வர்றவரு, ஏகாம்பரத்தைப் பாத்ததுகூடக் கிடையாது. டீச்சர் கேட்டா போடாம இருப்பாரா?

பதினாலு சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து ஆதாரமா இணைச்சேன்.

அங்க அப்பத்தான் ஒரு அதிகாரி வேற துறையிலேருந்து பொறுப்புக்கு வந்திருந்தாரு. அவருக்கு நூலகமும் தெரியாது, நூலும் தெரியாது. சீட்டைப் பாத்தாரு. அவரும் இ-ன்னா இல்லைன்னுதான் படிச்சாரு. அப்ப நான் மட்டும் தப்பாப் படிக்கலைல்ல? ஏகாம்பரத்துக்கிட்ட விளக்கம் கேட்டாரு. அவரு குடுத்த விளக்கத்தோட நகல் எனக்கும் வந்துச்சு. ரெண்டே வரி. "வாசகர் கேட்ட இதழ் ஒவ்வொரு முறையும் எடுத்து வைக்கப்பட்டது. சீட்டில் குறித்துள்ளேன்."

எவ்வளவு நெஞ்சழுத்தம்னு நினைச்சேன். இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு எடுத்து வச்சேங்கறானே! அதிகாரிக்கும் கோவம் வந்துடுச்சு. ஆகஸ்ட்ல, நிர்வாகக் காரணம்னு போட்டு வந்தவாசிக்கு மாத்திட்டாங்க. எனக்கு 'தங்கள் மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது'ன்னு கடிதம் வந்துச்சு. அதை எடுத்துக்கிட்டுப் போய் பக்கத்து வீட்டுல எல்லாம் காட்டினேன்.

தண்ணி இருக்கா உங்கிட்ட? ஒரு மடக்கு குடு. போதும்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை பதினஞ்சாவது சீட்டு. கவுண்டர்ல புதுசா ஒரு அம்மா, கனகான்னு பேரு. சீட்டை வாங்கினாங்க, கீழ போனாங்க, வந்தாங்க, எழுதிக் குடுத்தாங்க. முழுசா எழுதியிருந்தாங்க. எழுத்து முத்து முத்தா இருந்துச்சு.

'இதழ் அறையில் பெற்றுக்கொள்ளவும்.'

இதழ் அறை. இ.

"எங்க இருக்கு அது?"ன்னு கேட்டேன். அப்ப மட்டும் எப்படியோ கேட்டேன். அந்த அம்மா பேனாவை எடுத்து மேல காட்டினாங்க. ரெண்டாவது மாடி.

நான் அந்த மாடிப்படியில ஏறினதே இல்லம்மா. மேல ஆபீஸ் இருக்கும்னு நினைச்சேன். அந்தப் படிக்குப் பக்கத்துலயே ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கு, பழுப்பேறிப்போய். 'இ – இதழ் அறை. க – கட்டு வேலைக்கு (பைண்டிங்) சென்றுள்ளது. சி – சிதிலம், வழங்க இயலாது.' பதினாலு தடவை அதைத் தாண்டித்தான் போயிருக்கேன். நூறு வருஷத்துக்கு முந்தின பத்திரிகையைத் தேடிப் படிக்கிறவ, சுவத்துல இருக்கற நோட்டீஸைப் படிக்கல.

மேல ரெஜினான்னு ஒருத்தங்க. சின்ன அறை, ஃபேன் கிடையாது. பழைய பத்திரிகைத் தாள் காத்துப் பட்டா அப்பளமாப் பொடிஞ்சுபோயிடும், அதனால அதையெல்லாம் அங்க வச்சுத்தான் பாக்கணுமாம். சீட்டைக் குடுத்தேன். பேரைப் படிச்சாங்க. என்னை நிமிந்து பாத்தாங்க. "நீங்கதானா அது?"ன்னாங்க.

ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வச்சாங்க. வெள்ளை நாடா போட்டுக் கட்டியிருந்துச்சு. மூடிக்கு மேல கிளிப்பு போட்டு ஒரு கத்தை ரோஸ் காகிதம். என்னோட சீட்டுதான், மூணாவது கார்பன் காப்பி. பதினாலும் இருந்துச்சு. என் கையெழுத்து.

அந்த அம்மா கோவமாப் பேசல. கோவமாப் பேசியிருந்தா நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். "ஒவ்வொரு தடவையும் அவர்தாங்க இதைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. நிலவறையிலேருந்து ரெண்டாவது மாடிக்கு. லிஃப்ட் ஓடாது. ஒரு வாரம் வச்சிருப்பேன், வாசகர் வரலன்னா கீழ அனுப்பிடணும், அது ரூல். மறுபடியும் அவர்தான் இறக்கிக்கிட்டுப் போவாரு. நீங்க மறுபடியும் சீட்டு குடுப்பீங்க, மறுபடியும் ஏத்திக்கிட்டு வருவாரு"ன்னாங்க.

பதினாலு தடவை ஏத்தி, பதினாலு தடவை இறக்கி. அந்த முட்டியோட.

"நீங்க ஏன் வரலன்னு அவரும் யோசிச்சாரு. 'அந்த அம்மாவுக்கு வயசாயிடுச்சு, மாடி ஏற முடியல போல, கேக்கக் கூச்சப்படறாங்க போல, கவுண்டர்லயே குடுத்துடட்டுமா'ன்னு கேட்டாரு. நான்தான் ரூல் இல்லன்னுட்டேன்"னாங்க. இதெல்லாம் அந்த அதிகாரிகிட்ட நீங்க சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். "ஜூலை கடைசியிலேருந்து ஆகஸ்ட் முழுக்க கண் ஆபரேஷனுக்கு லீவுல இருந்தேன். வந்து பாத்தா ஆள் இல்ல"ன்னாங்க.

எனக்கு முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவருக்கு என்னைவிட ஒண்ணு ரெண்டு வயசுதான் கம்மி. வயசானவங்களாம்!

என்னம்மா, அழறேனா? இல்லியே. அழுதது அன்னிக்கு. அந்தப் பெட்டியைப் பிரிச்சேன். ஒன்பதாவது இதழ், கடைசிப் பக்கம், ஒரு சின்னக் கட்டம். "இத்தொடரை எழுதிவந்த அம்மாள் சென்ற மாசம் பிரசவத்தில் காலமானார். அன்னாருடைய பெயரை வெளியிட அவருடைய பர்த்தா சம்மதிக்கவில்லை." அவ்வளவுதான். பொம்பளைதான். நான் சொன்னதுதான் சரி. ஏழு வருஷமா நான் சரின்னு காட்டறதுக்காக அலைஞ்சேன். காட்டியாச்சு. பெட்டிக்கு மேல அந்த ரோஸ் காகிதத்தையும், உள்ள அந்தப் பேர் இல்லாத பொண்ணையும் வச்சுக்கிட்டு உக்காந்து அழுதேன். யாருக்காக அழுதேன்னு இன்னிக்குக் கேட்டாலும் தெரியாது.

ஆய்வேட்டைக் குடுத்தாச்சு. செப்டம்பர் இருபத்தெட்டு. ஞானசிகாமணி, "நீங்க ஜெயிச்சுட்டீங்கம்மா"ன்னாரு. நன்றியுரையில அந்த அதிகாரி பேரு இருக்கு, ஞானசிகாமணி பேரு இருக்கு, டைப் அடிச்ச பொண்ணு பேரு இருக்கு. ஏகாம்பரம் பேரு இல்ல. நேரம் இல்லாமப் போச்சு. நேரம் இருந்துச்சுன்னும் வச்சுக்கலாம்.

ஆனா முழுசா எழுதியிருக்கலாமா இல்லையா, நீ சொல்லு? கனகா எழுதலையா? எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்து 'மேல ரெண்டாவது மாடிம்மா'ன்னு சொன்னா என்ன? ரெஜினாகிட்ட இதையும் கேட்டேன். "வாசிப்புக் கூடத்துல ஊழியர் பேசக்கூடாதுன்னு முன்ன இருந்தவங்க ஒரு சுற்றறிக்கை விட்டாங்க. அவரு அதை அப்படியே பிடிச்சுக்கிட்டாரு"ன்னாங்க. சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிற மனுஷன். நானும் அப்படித்தான். ரெண்டு பேர்ல ஒருத்தராவது கொஞ்சம் நெகிழ்ந்திருக்கலாம்.

வந்தவாசியில அவருக்கு மாடி கிடையாதாம், தெரியுமா? கிளை நூலகம், ஒரே ஹால், தரைத்தளம். ஒரு வகையில முட்டிக்கு நல்லதுதானே? நான் நல்லதுதான் செஞ்சிருக்கேன்னுகூட சொல்லலாம். ஆனா வீடு அயனாவரமாம். காலையில நாலரைக்குக் கிளம்பினா ராத்திரி ஒன்பதுக்குத் திரும்புறாராம். ஏப்ரல்ல ரிட்டயர்மென்ட். அதுக்குள்ள மெட்ராஸுக்கே திரும்ப வந்து, இருந்த இடத்துலேருந்தே ஓய்வு பெறணும்னு ஆசைப்படறாராம். ரெஜினா சொன்னாங்க. "ஒரு மனு குடுத்தீங்கள்ல, இன்னொண்ணு குடுங்க"ன்னாங்க.

குடுத்தேனே! சும்மா இருப்பேனா? முதல் மனு ஒரே ராத்திரியில வந்துச்சு, ரெண்டாவதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. நாலே வரி. "மேற்கண்ட ஊழியர் தொடர்பாக அளிக்கப்பட்ட மனுவில் புரிதல் பிழை ஏற்பட்டுள்ளது. எனவே மாறுதலை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." நல்லா இருக்குல்ல? போன மாசம் திரும்பி வந்துடுச்சு. ஓரத்துல சிவப்பு மையில எழுதியிருக்காங்க: 'யாருடைய புரிதல் பிழை? தெளிவுபடுத்தி மீண்டும் அனுப்பவும்.' புதுசா வந்த அதிகாரி போல. தமிழ் தெரிஞ்சவரு.

பசங்க எழுதினா நானே மார்க் குறைப்பேன். அளிக்கப்பட்டது, ஏற்பட்டது, கேட்டுக்கொள்ளப்படுகிறது. செஞ்சவ யாருன்னே தெரியாம நாலு வரி. மூணு வாரமா இந்தப் பையிலயே கிடக்கு. இதோ பாரு. ஒரே ஒரு வார்த்தை சேக்கணும். தினம் எடுக்கிறேன், பாக்குறேன், உள்ள வைக்கிறேன். முதல்ல அவரைப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம், அப்புறம் எழுதிக்கலாம்னு இன்னிக்குக் கிளம்பினேன். சனிக்கிழமைதானே. சனிக்கிழமை வந்தா அவருக்கு என்னை ஞாபகம் வராம இருக்காது.

நேர்ல போய் என்ன பேசறது? அதுக்கு ஒண்ணு பண்ணியிருக்கேன். கனகாகிட்டக் கேட்டு ஒரு காலிச் சீட்டு வாங்கிட்டு வந்தேன். அதே சீட்டு. எப்பவும்போல பேரு, முகவரி எல்லாம் எழுதிட்டேன். நூல் பேரு காலி. கீழ அந்தக் கட்டம் இருக்குல்ல, அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும், அதுல நான் எழுதியிருக்கேன். கவுண்டர்ல நீட்டுவேன். வாங்கிப் பாப்பாரு. அவ்வளவுதான், ஒண்ணும் பேச வேண்டியதில்ல. இதோ, பாரு.

ஆமா, 'ம'தான். ம, பக்கத்துல ஒரு புள்ளி.

என்ன?

ம-ன்னா என்னன்னா கேக்குற?

பாத்தியா. நீ கேட்டுட்ட. என்னைத் தெரியாது, இந்தச் சீட்டைத் தெரியாது, பரீட்சைக்குப் போற பொண்ணு, சட்டுனு கேட்டுட்ட. உனக்கு ஒரு செகண்டு ஆச்சு. எனக்கு அந்த ஒரு கேள்வி ஏழு மாசமா வாயில வரலைம்மா.

மன்னிப்பு. மன்னிப்பும்மா அது.

சொல்லிட்டேன். உங்கிட்டச் சொல்லிட்டேன்.

கண்டக்டர் என்னமோ கத்துறாரே, வந்தவாசியா? இறங்கிடலாம், இரு, அவசரப்படாத, இன்னும் பஸ் ஸ்டாண்டுக்குள்ள நுழையல. பரீட்சைக்குப் போறியே, பேனா வச்சிருப்பல்ல? குடு கொஞ்சம். மனுவுல ஒரு வார்த்தை விட்டுப்போச்சு. 'புரிதல் பிழை'க்கு முன்னாடி, 'எனது'ன்னு. பஸ் நிக்கிறதுக்குள்ள எழுதிடறேன்.